இங்கிலீஷ் கிளாஸ்ல லைஃப் ஸ்கில்ஸ் (சுயமா யோசிக்கறது, சேர்ந்து வேலை செய்யறது மாதிரி) எல்லாம் சொல்லிக்குடுக்க முடியுமா? சிலபஸ் முடிக்கவே நேரம் பத்தலையே?

முடியும்ங்க. ஆனா அதுக்குன்னு தனி பீரியட் ஒதுக்கி, போர்டுல கிரிட்டிக்கல் திங்கிங்னு (எதையும் அப்படியே நம்பாம அலசிப் பார்க்கறது) தலைப்பு போட்டு நோட்ஸ் குடுத்தீங்கன்னா பசங்க அதையும் மனப்பாடம் பண்ணி எழுதிட்டுப் போயிடுவாங்க. நானும் இங்கிலீஷ்தான் எடுக்கறேன், என்னைக் கேட்டா எப்படியும் நடத்தியே ஆகவேண்டிய கிராமருக்குள்ளயே இதை நுழைச்சிடணும்.

மைட், மஸ்ட், கான்ட் இருக்கே, ஒரு விஷயம் இருக்கலாமா, கண்டிப்பா இருக்கணுமா, இருக்கவே முடியாதான்னு காட்டற அந்த மோடல் வெர்ப்ஸ் எடுத்துக்கோங்க. மரத்துல வாழற ஆக்டோபஸ் பத்தி 1998ல விளையாட்டுக்கு ஆரம்பிச்ச வெப்சைட் ஒண்ணு இருக்கு, பசிபிக் நார்த்வெஸ்ட் ட்ரீ ஆக்டோபஸ்னு தேடினா வரும், போட்டோ, இனமே அழியுது காப்பாத்துங்கன்னு வேண்டுகோள் எல்லாம் பக்காவா வெச்சிருப்பாங்க, அத்தனையும் கட்டுக்கதை. அமெரிக்காவுல ஆராய்ச்சிக்காக ஏழாவது படிக்கற பசங்ககிட்ட காட்டினப்ப பெரும்பாலானவங்க நம்பிட்டாங்க. பொய்னு முதல்லயே சொல்லாம படிக்க விடுங்க, அப்புறம் யாரு எழுதினது, வேற எங்கயாச்சும் இது இருக்கா, தண்ணி இல்லாம அது எப்படி மூச்சு விடும்னு கிளறுங்க. இட் கான்ட் பி ட்ரூ பிகாஸ்னு ஒருத்தன் ஆரம்பிப்பான், பின்னாடி ஒருத்தி பட் இட் மைட் பி-ன்னு இழுப்பா. மோடல் வெர்பும் முடிஞ்சுது, வாட்ஸப் ஃபார்வர்டை சந்தேகப்படற புத்தியும் கொஞ்சம் வந்துது.

குரூப் ஒர்க்னு சொல்லி நாலு பேரை உட்கார வெச்சா ஒருத்தன் எழுதுவான், மூணு பேர் கதை அடிப்பாங்க, அதான் ஜிக்சா முறை எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவுல ஆஸ்டின் நகர ஸ்கூல்கள்ல கறுப்பினப் பசங்களையும் வெள்ளையினப் பசங்களையும் ஒண்ணா சேர்த்துப் படிக்க வெச்சப்ப அடிதடி வரைக்கும் போச்சு, அதுக்காக 1971ல எலியட் ஆரன்சன்ங்கற சைக்காலஜிஸ்ட் கொண்டுவந்தது இது. பாடத்தை நாலு துண்டாக்கி ஆளுக்கு ஒண்ணு குடுத்துடணும், அடுத்தவன் வாயைத் திறந்தாதான் மிச்சக் கதை தெரியும், அதனால சும்மா இருக்கறவனை மத்தவங்களே பேச வெச்சிடுவாங்க. ஒண்ணு மட்டும், எதிர்த்துப் பேசத் தேவையான வரிகளை (ஐ சீ யுவர் பாயிண்ட் பட், ஆர் யூ ஷ்யூர் மாதிரி) முன்னாடியே போர்டுல எழுதி வெச்சிடுங்க, இல்லாட்டி சண்டை மொத்தமும் தாய்மொழிலயே நடக்கும்.

அப்புறம் கேள்வி கேட்டுட்டு ஒரு மூணு செகண்டாவது வாயை மூடிட்டு நில்லுங்க. மேரி பட் ரோங்கற அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சியாளர் 1970கள்லயே கவனிச்சு எழுதினது, டீச்சர்ஸ் சராசரியா ஒரு செகண்டுக்கு மேல காத்திருக்கறதில்ல, அதை மூணாக்கினாலே பதில் நீளமா வருதாம்.

சிலபஸ் லேட் ஆகும்னு பயமா இருந்தா வாரத்துக்கு ஒரு பாடம் மட்டும் இப்படி பண்ணுங்க, ஜிக்சாவுக்கு ஸ்மார்ட் போர்டு எல்லாம் வேண்டாம், ஜெராக்ஸ் தாளும் கத்திரியும் போதும்.