கேள்வி–பதில்: கூலிக்கு வரைந்த கை

கே: டொராண்டோவில் ஒரு கண்காட்சியில் ஆஸ்கர் கஹேன் என்பவரின் ஓவியம் பார்த்தேன். ஆரஞ்சும் சிவப்பும் கண்ணைப் பறித்தன. கூட வந்தவரோ, “இவர் பத்திரிகைக்குப் படம் போட்டவர்தானே” என்றார், கொஞ்சம் இளப்பமாக. யார் இவர்?
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ

ப: அடுத்த முறை தனியாகப் போங்கள். படம் நன்றாகத் தெரியும்.

கஹேன் 1916-ல் கோபன்ஹேகனில் பிறந்தவர். அப்பா ஜெர்மானிய யூதர், பத்திரிகையாளர், நாஜிகளை எதிர்த்தவர். அப்புறம் கேட்கவா வேண்டும்? ட்ரெஸ்டனில் ஓவியம் படித்த பையன், ப்ராக் வழியாக 1939-ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். மறு வருஷமே அவரை ‘எதிரி நாட்டான்’ என்று பிடித்து, கனடாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். ஹிட்லருக்குத் தப்பி வந்தவரை ஹிட்லரின் ஆளாக நினைத்துப் பூட்டிவைத்த கூத்து அது! க்யூபெக் மாகாணம் ஷெர்ப்ரூக்கில், ரயில்வேயின் பழைய கொட்டகைகளே முகாம். கைதிச் சட்டையின் முதுகில் பெரிய சிவப்பு வட்டம் இருக்கும்; தப்பி ஓடினால் குறிபார்க்க வசதி.

முகாமுக்குள் இருந்தபடியே மான்ட்ரியலின் ‘தி ஸ்டாண்டர்ட்’ இதழுக்கு வரைய ஆரம்பித்தார். 1942-ல் விடுதலை. பிறகு டொராண்டோ. மெக்லீன்ஸ், சாட்டலேன், நியூ லிபர்ட்டி என்று கதைகளுக்கும் அட்டைகளுக்கும் வரைந்து தள்ளினார். கூட வந்தவர் இளப்பமாகச் சொன்ன வேலை இதுதான்.

கே: பத்திரிகை வேலை ஓவியனின் கையைக் கெடுத்துவிடும் என்கிறார்களே?

ப: யார் சொல்கிறார்கள்? பெரும்பாலும் கெடு தேதிக்குள் ஒரு படம்கூட முடித்துப் பழகாதவர்கள். கதையைப் படித்து, எந்தக் கணத்தை வரைவது என்று முடிவுசெய்து, தலைப்புக்கு இடம் விட்டு, அச்சுக்குப் போகுமுன் கொடுத்தாக வேண்டும். துணிச்சலாகக் கோடு இழுக்கிற பழக்கம் அங்கே வரும்.

1953-ல் டொராண்டோ சிம்ப்சன்ஸ் கடையில், விற்பனைக்கு வைத்த நவீன மேஜை நாற்காலிகளுக்குப் பின்னால் ஏழு பேரின் அரூப ஓவியங்களை (ஆள், மரம் என்று உருவம் காட்டாமல் நிறமும் கோடுமாக வரைபவை) மாட்டினார்கள். சோபா விற்கப் படம்! அந்த ஏழில் கஹேனும் ஒருவர். இன்னும் நாலு பேர் சேர்ந்து ‘பெயின்டர்ஸ் லெவன்’ என்ற ஓவியர் குழு ஆனார்கள். 1954 பிப்ரவரியில் ராபர்ட்ஸ் காலரியில் முதல் கண்காட்சி. கூட்டம் அலைமோதியது, விற்பனைதான் பெரிதாக இல்லை. அந்தப் பதினொருவரில் ஜாக் புஷ், ஹெரால்ட் டவுன், டாம் ஹாட்ஜ்சன், வால்டர் யார்வுட் எல்லாருமே கூலிக்கு வரைந்தவர்கள்தான். வீட்டுச் செலவை விளம்பரமும் பத்திரிகையும் பார்த்துக்கொண்டதால், கான்வாஸில் யாருக்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. நாட்டின் அரூப ஓவியத்துக்குப் புரவலர்கள் சோப்பும் தொடர்கதையும் என்பேன் நான்.

கே: அப்படியானால் கஹேனுக்கு ஏன் ஜாக் புஷ் அளவுக்குப் பெயர் வரவில்லை?

ப: ஆயுள்தான் காரணம். 1956 நவம்பர் 26, ஓக்வில்லில் கார் விபத்து. வயது 40. புஷ்ஷுக்கு அவகாசம் கிடைத்தது. அவரும் 1968-ல்தான் விளம்பர வேலையை விட்டார்.

மெக்லீன்ஸின் பழைய இதழ்கள் இணையத்தில் இருக்கின்றன. ஐம்பதுகளின் கதைப் பக்கங்களைத் தேடி, நீங்கள் பார்த்த அந்த ஆரஞ்சுப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூட வந்தவருக்கும் காட்டுங்கள்.