நியோடிமியம் சேர்த்த பொசுபேற்றுக் கண்ணாடி ஏன் பால்போல் கலங்குகிறது?

கேள்வி இது: இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக நாகப் (துத்தநாகப்) பொசுபேற்றுக் கண்ணாடியில் நியோடிமியம் என்ற அருமண் மூலகத்தைச் சேர்த்து உருக்குகிறார்கள். கலவை பொங்கி வழிகிறது, வார்த்த துண்டு கலங்கலாக வருகிறது. கொழும்பில் கையிலிருக்கும் 1100 பாகை உலை போதாதா?

உலை போதும். பிழை அநேகமாகக் கணக்கில்தான்.

இக்கண்ணாடியின் செங்கல், ஒரு பொசுபரசைச் சுற்றி நான்கு ஒட்சிசன் கொண்ட நான்முகி. ஒட்சிசன்–பொசுபரசு விகிதம் 3 ஆக இருந்தால் ஒவ்வொரு நான்முகியும் இரு மூலைகளால் அடுத்தவற்றோடு கோர்த்து நீண்ட சங்கிலியாகும், அதுதான் மெற்றாபொசுபேற்று. விகிதம் 3.5 ஆனால் சங்கிலி அறுந்து இரட்டைகள். 4 ஆனால் தனித்த நான்முகிகள். நியோடிமியம் தனி நான்முகியைக் கண்டால் விடாது, ஓதோபொசுபேற்றாகப் படிந்துவிடும். புல்மோட்டை, பேருவளை மணலிலுள்ள மோனசைட்டு என்ற அருமண் பொசுபேற்றுக் கனிமத்துக்கும் இதே பளிங்கமைப்புத்தான். உருகுநிலை 2000 பாகை அளவில். உங்கள் உலையில் ஒருமுறை பிறந்துவிட்டால் எளிதில் கரையாது. அந்தத் துகள்கள்தான் பால் நிறம்.

எனவே நாக ஒட்சைட்டை எடுத்துவிட்டு நியோடிமியம் ஒட்சைட்டை மூலுக்கு மூல் போடாதீர்கள். ஒரு மூல் நியோடிமியம் ஒட்சைட்டு மூன்று ஒட்சிசன் கொண்டுவருகிறது. ஆகவே மூன்று மூல் நாக ஒட்சைட்டு வெளியேற வேண்டும். நியோடிமியம் ஒட்சைட்டு 1, நாக ஒட்சைட்டு 47, பொசுபரசு ஐந்தொட்சைட்டு 50 என்ற மூல் விகிதத்தில் ஒட்சிசன்–பொசுபரசு விகிதம் சரியாக 3. 20 கிராம் கண்ணாடிக்கு முறையே 0.598 கிராம், 6.795 கிராம், பொசுபரசுக்காக 20.43 கிராம் அமோனியம் இருஐதரசன் பொசுபேற்று.

நியோடிமியம் ஒட்சைட்டைப் போத்தலிலிருந்து எடுத்தபடியே நிறுக்காதீர்கள். அது காற்றின் ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் உறிஞ்சும், அதுவும் கொழும்பின் ஈரப்பதனில். 950 பாகையில் மூன்று மணிநேரம் சுட்டு, உலர்த்தியில் ஆறவிட்டு, உடனே நிறுங்கள்.

பொங்குவதற்குக் காரணம் அமோனியாவும் நீராவியும்: 27.83 கிராம் கலவையில் 7.83 கிராம் வாயுவாகப் போகிறது. 20 கிராமுக்கு 100 மில்லிலீற்றர் அலுமினாப் புடக்குகை எடுங்கள். நிமிடத்துக்கு 1–2 பாகை வீதம் 400 வரை ஏற்றி இரண்டு மணிநேரம் நிறுத்துங்கள், புகைக்கூண்டின் கீழ். இந்தக் கட்டத்தைப் பிளாற்றினத்தில் செய்யவே கூடாது. அமோனியா சூழலில் பொசுபேற்று பொசுபரசாகத் தாழ்த்தப்பட்டால், அது பிளாற்றினத்துடன் 588 பாகையிலேயே உருகும் கலவையாகி, விலையுயர்ந்த பாத்திரத்தில் ஓட்டை போட்டுவிடும்.

பிறகு 1100 பாகை, மூடியிட்டு 45 நிமிடம், இடையில் இருமுறை சுழற்றுதல். இங்கே ஓர் இழுபறி உண்டு. நீண்ட நேரம் உருக்கினால் நீர் வெளியேறும். ஆனால் பொசுபரசு ஐந்தொட்சைட்டும் ஆவியாகி விகிதம் 3ஐத் தாண்டும், புடக்குகையின் அலுமினாவும் கரைந்து சேரும். கட்டமைப்பு மட்டும்தான் ஆய்வு என்றால் 45 நிமிடத்தோடு நிறுத்துவேன். முடிவில் புடக்குகையோடு எடை பாருங்கள்: கண்ணாடி 20 கிராமுக்குக் குறைந்தால் அது பொசுபரசு இழப்பு, கூடினால் மிச்ச நீர்.

300 பாகைக்குச் சூடாக்கிய பித்தளைத் தட்டில் வார்த்து, உடனே 430 பாகை உலையில் இரண்டு மணிநேரம் வைத்து, உலையோடு ஆறவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் ஊதாவாகவும் குழல்விளக்கின் கீழ் நீலமாகவும் தெரிவது நியோடிமியத்தின் இயல்பு; பிழை அல்ல.

இராமன் நிறமாலையில் 1200, 700 செமீ⁻¹ அருகே அகன்ற பட்டைகள் வந்தால் சங்கிலி நலம். 975 அருகே கூரிய கோடு நின்றால் மோனசைட்டு வகைப் பளிங்கு. அந்தப் பளிங்கில் நியோடிமியத்தைச் சுற்றி 9 ஒட்சிசன். கண்ணாடியில் அருமண் மூலகங்களுக்கு அதைவிடக் குறைவு, ஏறத்தாழ 6 முதல் 8 வரை.

1054 நானோமீற்றர் ஒளிர்வை அளக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. மிச்ச ஐதரொட்சைல் (நீரிலிருந்து கண்ணாடியில் தங்கிய OH கூட்டம்) அந்த ஆற்றலை அதிர்வாக விழுங்கிவிடும். அப்போது உருகலின்மேல் உலர் ஒட்சிசன் செலுத்துங்கள்; இழப்பை ஈடுசெய்ய அமோனியம் பொசுபேற்றை 1–2 சதவீதம் கூட்டியே நிறுங்கள். துண்டை மெருகூட்டும்போது தண்ணீர் வேண்டாம், மண்ணெண்ணெய் போதும்.