டொக்டரிடம் கேளுங்கள்: நோகாத புண்

கேள்வி: எங்கள் வீடு பன்குளத்துக்கு உள்ளே, காட்டோரம். இவருக்கு முழங்கைக்குக் கீழே நாலு மாதமாக ஒரு பரு. நுளம்பு கடித்த தடிப்பு மாதிரித்தான் தொடங்கியது, இப்போது நடுவில் பொருக்குத் தட்டிக் குழி விழுந்திருக்கிறது. நோவும் இல்லை, அரிப்பும் இல்லை. “நோகாத புண்ணுக்கு ஆஸ்பத்திரியா?” என்கிறார். மாமி சிலந்திக் கடி என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுகிறா. பக்கத்துச் சேனைக்காரருக்கும் காது மடலில் இதே மாதிரி, அவர் மணல் ஈ என்கிறார். நாங்கள் கடற்கரைப் பக்கம் போயே ஒரு வருசம். பிள்ளைகளுக்குத் தொற்றுமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: முதலில் அந்தச் சுண்ணாம்பை நிறுத்துங்கள் தங்கச்சி, அது தோலைச் சுட்டுப் புண்ணின் உருவத்தையே மாற்றிவிடும், பிறகு பார்க்கிற டொக்டருக்கும் குழப்பம். நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதக் கணக்கில் ஆறாமல், நோகாமல் இருக்கிற புண் என்றால் லீஷ்மானியாசிஸ் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும், மணல் ஈ கடித்துப் பரப்புகிற ஒட்டுண்ணி நோய் அது. நோகவில்லை என்பதுதான் இதில் பெரிய தொல்லை, ஒருவரும் அவசரப்பட்டு வருவதில்லை.

மணல் ஈ என்ற பெயரைக் கேட்டுக் கடற்கரையை நினைக்காதீர்கள். இது 2, 3 மில்லிமீட்டர் பூச்சி, நுளம்பு மாதிரி ரீங்காரம் கிடையாது, இருட்டுப்பட்டால் சத்தமில்லாமல் தத்தித் தத்தி வந்து கடிக்கும். முட்டையிடுவது ஈரமும் உக்கலும் உள்ள மண்ணில், அதாவது புற்று, மரப்பொந்து, மாட்டுக் கொட்டில் பக்கம். அதனால் டெங்குக்குச் செய்வது போல சிரட்டையைக் கவிழ்த்து இதை ஒழிக்க முடியாது. சேனைக் காவலுக்கு இரவில் தங்குகிறவர்களும், தேனுக்கும் விறகுக்கும் விடியமுன் காட்டுக்குப் போகிறவர்களும் அதிகம் கடி வாங்குவது இதனால்தான்.

இலங்கைக்குள்ளேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் பதிவானார், 2008இலிருந்து இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கங்களில் கூடுதல். முதல் இரண்டும் நம் மாவட்டத்தோடு ஒட்டியவை, காட்டுக்கு எல்லைக்கல் தெரியாது. இதே ஒட்டுண்ணி இனம் இந்தியாவில் ஈரலையும் மண்ணீரலையும் தாக்கி காலா அசார் என்ற ஆபத்தான காய்ச்சலை உண்டாக்குகிறது, நம் நாட்டில் பெரும்பாலும் தோலோடு நிற்கிறது. கேரளத்து அகத்தியமலைக் காட்டில் காணி மக்களிடமும் தோலில்தான் கண்டார்கள்.

சரி, பிள்ளைகள். தொட்டால், ஒரே பாயில் படுத்தால் தொற்றாது. ஆனால் இவரைக் கடித்த ஈ பிள்ளையையும் கடிக்கலாமே, அதனால் இவருக்கு வைத்தியம் செய்வது பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். தோல் கிளினிக்கில் புண் ஓரத்தைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். உறுதியானால் புண்ணைச் சுற்றி ஊசி, பல வாரம் போக வேண்டும். ஊசி நோகும், பொய் சொல்லவில்லை, பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அதனால்தான். சில புண்களை திரவ நைதரசனால் உறைய வைப்பதும் உண்டு. காது மடல்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: நுளம்பு வலை கட்டினால் மணல் ஈக்கும் போதுமா?
– வாசகர், மூதூர்

பதில்: சாதாரண வலையின் கண்ணுக்குள் அது நுழைந்துவிடும். கண் மிகச் சிறிய வலை அல்லது மருந்து ஊட்டிய வலை நல்லது. கரண்ட் இருந்தால் காற்றாடியைப் போட்டுக்கொண்டு படுங்கள், அந்தக் காற்றை எதிர்த்துப் பறக்க அதற்குத் தெம்பில்லை.