கண்பாப்பாவும் பட்டுப்புழுவும்

கேள்வி: எங்கள் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு அதிகம். கூட்டுக்குள் இருப்பதைப் 'பியூபா' என்கிறார்கள். அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனால், 'பியூப்பில்' விரிய மருந்து விடணும் என்கிறார் டாக்டர். இரண்டும் ஒரே சொல்லா? நம்ம 'பாப்பா'தான் லத்தீனுக்குப் போய் இப்படி ஆனது என்று நண்பர் அடித்துச் சொல்கிறாரே, உண்மையா?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டும் ஒரே வேர்தான். நண்பர் சொல்வது மட்டும் சரியில்லை.

லத்தீனில் 'பூபா' என்றால் சிறுமி. பொம்மை என்றும் பொருள். அதைச் சின்னதாக்கிச் சொன்னால் 'பூபில்லா'. எதிரில் நிற்பவரின் கண்ணை உற்றுப் பாருங்கள். நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தில் நீங்களே பொம்மை அளவுக்குத் தெரிவீர்கள். பெயர் வந்தது அதனால்தான். மாணவரைக் குறிக்கும் 'பியூப்பில்' இதன் இன்னொரு கிளை. பெற்றவரை இழந்து பாதுகாவலர் பொறுப்பில் வளரும் சிறு பிள்ளையை லத்தீனில் அப்படி அழைத்தார்கள்.

பூச்சிக்குப் 'பூபா' என்ற பெயரைக் கொடுத்தவர் 18ஆம் நூற்றாண்டின் ஸ்வீடன் நாட்டு உயிரியல் அறிஞர் லின்னேயஸ். உங்கள் ஊரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சந்திரிகையில் (புழு கூடு கட்டுவதற்கான தட்டில்) விட்ட புழு இரண்டு மூன்று நாளில் கூட்டைக் கட்டி முடித்து, உள்ளேயே கடைசியாக ஒருமுறை தோல் உரிக்கிறது. அப்புறம் கூட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரும். வெட்டிப் பார்த்தால், துணியில் இறுகச் சுற்றிய குழந்தை மாதிரி கிடக்கும். அதுதான் பூபா. புழுப் பருவத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட 'லார்வா' என்ற சொல்லுக்கு லத்தீனில் பேய், முகமூடி என்று பொருள். வளர்ந்த பூச்சியின் உண்மை உருவத்தை மூடிவைத்திருக்கும் முகமூடி!

நாம் வைத்த 'கூட்டுப்புழு' பட்டுக்குப் பொருந்துகிறது. ஆனால் தண்ணீர்த் தொட்டியில் கூடே இல்லாமல் துள்ளி நீந்தும் கொசுவின் பியூபாவையும் அப்படியே எழுதுகிறோம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

சரி, நண்பருக்கு வருவோம். ஒலி ஒத்துப்போனால் உறவு ஆகிவிடாது. உதட்டை மூடித் திறந்தாலே வரும் ப, ம ஒலிகள் குழந்தை வாயில் சீக்கிரமே வந்துவிடுகின்றன. அதனால் ஒட்டு உறவே இல்லாத மொழிகளிலும் அம்மா, அப்பா, பாப்பா போன்ற சொற்கள் ஒன்றுபோல இருக்கும். ஒரு சொல் இங்கிருந்து அங்கே போனது என்றால் எந்தக் காலத்தில், யார் வழியாக, ஒலி எப்படி மாறிப் போனது என்று காட்ட வேண்டும். காட்டாமல் பேசுவது தமிழுக்குப் பெருமை சேர்க்காது.

பெருமைப்பட வேறு ஒன்று நம்மிடமே இருக்கிறது. 'கருமணியிற் பாவாய்நீ போதாயாம்' என்கிறது குறள். கண்ணின் பாவையே, நீ போய்விடு, என் காதலிக்கு இடம் போதவில்லை என்று காதலன் கெஞ்சுகிறான். பாவை என்றால் பொம்மை, பெண், கண்ணின் கருமணி மூன்றும்தான். கிரேக்கத்தின் 'கோரே'யும் சிறுமியையும் கருமணியையும் சேர்த்தே குறிக்கிறது. கண்ணுக்குள் ஓர் ஆள் தெரிவதைப் பார்க்க யாரும் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

டாக்டரிடம் ஒன்று சொல்லுங்கள். 'கண்பாப்பா விரிய மருந்து விடறேன்' என்றாலே உங்கள் அம்மாவுக்குப் புரிந்துவிடும்.