வாசகர் கேள்வி பதில்: மூன்று ஞாயிறு பிரசங்கம் கேட்டால் போதுமா?

கேள்வி: எங்களுடையது எந்த மிஷனையும் சேராத சுயாதீன சபை, 70 குடும்பம். போதகர் ஓய்வு பெறுகிறார். 3 பேரை ஆளுக்கொரு ஞாயிறு பிரசங்கிக்க வைத்தோம். இளைஞர்களுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது. மூப்பர்களோ போதகரின் மகனையே வைக்கலாம் என்கிறார்கள். ஓட்டெடுத்து முடித்துவிடலாமா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: இப்போதைக்கு ஓட்டு வேண்டாம். முதலில் சபை நிலமும் கட்டடமும் வங்கிக் கணக்கும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். சுயாதீன சபைகளில் அவை போதகரின் சொந்தப் பெயரிலேயே இருப்பது உண்டு. மகன் பேச்சு கிளம்பும் இடங்களில் பல சமயம் வேர் அங்கேதான் இருக்கும். பத்திரம் போதகர் பெயரில் இருந்தால், அதைப் பதிவு செய்த சங்கத்துக்கோ டிரஸ்டுக்கோ மாற்றிய பிறகு ஆளைத் தேடுங்கள். சொத்து அவர் கையிலும் தேர்வு உங்கள் கையிலும் இருந்தால், வருகிற புதியவர் வாடகைக்கு இருப்பவர் மாதிரிதான்.

பிறகு 7 பேர் கொண்ட தேர்வுக் கமிட்டி. ஒரு குடும்பத்துக்கு ஒருவருக்கு மேல் கூடாது. பெண்கள் இருவராவது வேண்டும். போகிற போதகரும், விண்ணப்பித்தவர்களின் உறவினரும் அதில் இருக்கக் கூடாது. மகன் என்பது தகுதியும் இல்லை, குற்றமும் இல்லை. அவரும் மற்றவர்களைப் போல விண்ணப்பித்து, அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்.

பிரசங்கத்தை வைத்து அதிகம் எடை போடாதீர்கள். வெளியூரில் பேச வருகிறவர் தன்னிடம் இருப்பதிலேயே நல்ல பிரசங்கத்தைத்தான் எடுத்து வருவார். அவர் முன்பு ஊழியம் செய்த இடத்துக்குக் கமிட்டியில் இருவர் நேரில் போய், ஒரு மூப்பரிடமும், ஒரு பெண்ணிடமும், அந்தச் சபையை விட்டு விலகிப்போன ஒருவரிடமும் பேசட்டும். 'ஆள் எப்படி?' என்று கேட்டால் 'நல்லவர்' என்றுதான் பதில் வரும். காணிக்கையை எத்தனை பேர் எண்ணினார்கள், பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது, சாவு வீட்டுக்கு எப்போது வந்து சேர்ந்தார், சபையார் யாரிடமாவது கைமாற்று வாங்கினாரா, இரண்டு கட்சியாகச் சபை பிரிந்தபோது யார் வீட்டில் சாப்பிட்டார் என்று கேளுங்கள். 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரம் புறம்பானவர்களிடத்திலும் நற்சாட்சி வேண்டும் என்கிறது. எனவே வீட்டுக்காரரிடமும் தெரு முனை மளிகைக்கடையிலும் விசாரிப்பதில் தப்பில்லை.

இறையியல் பட்டத்தை, அது கொடுத்த கல்லூரிக்கே எழுதிச் சரிபாருங்கள். அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற, இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரி என்றால் இது எளிது. பணம் கட்டினால் வீடு தேடி வரும் 'டாக்டர்' பட்டங்களை நாம் மதிக்க வேண்டியதில்லை.

சம்பளத்தையும் ஓட்டுக்கு முன்பே எழுத்தில் பேசி முடியுங்கள். கிறிஸ்துமஸ் மாதக் காணிக்கையையோ அறுப்பின் பண்டிகை ஏலத்தையோ பார்த்துத் தொகை சொல்லிவிட்டு, ஜூன் மாதம் பள்ளிக் கட்டண நேரத்தில் திணறுகிற சபைகள் அதிகம். கடந்த 12 மாத வரவைக் கூட்டிச் சராசரி எடுங்கள். வீட்டு வாடகை, கரண்ட் பில், பெட்ரோல், மருத்துவச் செலவு, வார விடுமுறை எல்லாம் அந்தத் தாளில் வர வேண்டும்.

கடைசியாகத்தான் ஓட்டு. மூவரையும் ஒன்றாக நிறுத்தினால் 70-இல் 30 வாங்கியவர் ஜெயிப்பார். 40 குடும்பம் வேண்டாம் என்ற கணக்கோடு பீடம் ஏறுவார். கமிட்டி ஒரே பெயரை முன்வைக்கட்டும். 'வேண்டும்', 'வேண்டாம்' என்று மடித்த சீட்டில் எழுதட்டும். கை தூக்கச் சொன்னால் மருமகன் கை மாமனார் முகத்தைப் பார்த்துத்தான் எழும். மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பதை எண்ணுவதற்கு முன்பே தீர்மானமாக்குங்கள். வாக்காளர் பட்டியலை ஒரு மாதம் முன்னதாக ஒட்டாவிட்டால், அன்றைக்கென்று ஓட்டுப் போட ஆள் ஏற்றிக்கொண்டு திருப்பூரிலிருந்து வேன் வரும்.

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்துக்கு, அதாவது ஒரே போதகரின் கீழ் உள்ள சபைகளுக்கு, ஆயரை (போதகரை) நாங்களே தேர்ந்தெடுக்க முடியாதா? அமெரிக்கன் மிஷன் காலத்தில் சபைக்குத்தான் அதிகாரம் என்று தாத்தா சொல்வார்.
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: தாத்தா சொன்னது பாதி சரி. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன், சபையே தன் போதகரை அழைக்கும் மரபைச் சேர்ந்தது. நடைமுறையில் மிஷனரிகளின் கைதான் ஓங்கியிருந்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு, ஆயர்களை இடம் அமர்த்துவது பேராயர். கத்தோலிக்கப் பங்குகளிலும் நியமனம் ஆயருடையதே; அங்கே ஆயர் என்பது பிஷப்பை.

சேகரக் கமிட்டி மனு கொடுக்கலாம். அதில் ஆள் பெயர் வேண்டாம்; தேவையை எழுதுங்கள்: எத்தனை கிராமச் சபைகள், எவ்வளவு தூரம், எத்தனை இடத்தில் மாதம் ஒரு திருவிருந்துகூட நடக்கவில்லை என்று. மாற்றல் உத்தரவு வருவதற்கு முன்பே கொடுத்தால்தான் பயன். 'நம்ம ஆளாகப் பார்த்து அனுப்புங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். அது என்ன கேட்கிறது என்று மதுரைப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். சாதி பார்த்து ஆயர் கேட்கும் மனுவைக் குப்பையில் போடுவதே நியாயம்.

கேள்வி: எங்கள் சுயாதீன சபைக்குப் புதுப் போதகர் வந்துவிட்டார். அடுத்த மாதம் ஒரு கல்யாணம். திருமணம் நடத்திவைக்கப் பழையவர் வாங்கிய லைசென்ஸிலேயே நடத்தலாமா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: கூடாது. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி உரிமம் ஆளுக்குத்தான், சபைக்கு இல்லை. உரிமம் இல்லாமல் நடத்திவைப்பவருக்கு 10 ஆண்டு வரை சிறை என்கிறது அதன் 68-ஆம் பிரிவு. புதியவர் அரசிடம் விண்ணப்பிக்கட்டும். அது வரும்வரை, உரிமம் உள்ள பக்கத்துச் சபைப் போதகரை அழைத்துக் கல்யாணத்தை நடத்துங்கள். பதிவேட்டில் அவரே கையெழுத்திட வேண்டும்.