நூறு மாறிகள், நானூறு பதிவுகள்: சமவாய்ப்பு அணிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: 100 மாறிகள், 400 பதிவுகள். எல்லாம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, மாறுபாடு 1; நானே கணினியில் உருவாக்கிய எண்கள். ஆனால் இணைமாறுபாட்டு அணியின் (மாறிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து எப்படி மாறுகின்றன என்ற அட்டவணை) ஐகன் மதிப்புகள் (அந்த அணியின் தனித்திசை ஒவ்வொன்றிலும் தரவின் மாறுபாடு) 0.26 முதல் 2.2 வரை சிதறிக் கிடக்கின்றன. எல்லாம் 1ஐ ஒட்டியல்லவா வர வேண்டும்? நிரலில் பிழையா?

பதில்: நிரல் சரிதான், எதிர்பார்ப்பில்தான் பிழை. பதிவுகள் பெருகப் பெருக மதிப்பீடு உண்மையை நெருங்கும் என்ற பாடம், மாறிகளின் எண்ணிக்கை மாறாதிருந்தால்தான் செல்லும். இரண்டும் சேர்ந்தே வளர்ந்தால் மாறிகளைப் பதிவுகளால் வகுத்த விகிதம் ஆட்சிக்கு வந்துவிடுகிறது. 1967இல் மார்சென்கோ, பாஸ்தூர் என்ற கணிதவியலாளர்கள் தந்த முடிவு இது: விகிதத்தின் வர்க்கமூலத்தை 1இலிருந்து கழித்து வர்க்கப்படுத்தினால் ஐகன் மதிப்புகளின் கீழ்விளிம்பு, கூட்டி வர்க்கப்படுத்தினால் மேல்விளிம்பு. உங்கள் விகிதம் கால், வர்க்கமூலம் அரை. விளிம்புகள் 0.25, 2.25. உங்கள் எண்கள் அதற்குள் எவ்வளவு கச்சிதமாக அடங்கியிருக்கின்றன, பாருங்கள்!

கேள்வி: என்னிடமும் அதே 100, 400தான். ஆனால் உண்மைத் தரவு. முதல் (மிகப் பெரிய) ஐகன் மதிப்பு 2.5, மற்றவை 2.25க்குள். அந்த ஒன்றை நம்பலாமா?

பதில்: மற்றத் திசைகளில் மாறுபாடு 1 என்றால், நம்பலாம். இந்த அளவில் விளிம்பின் தற்செயல் ஆட்டம் ஏறத்தாழ 0.05தான், அதை அளப்பது திரேசி-விடோம் பரவல். 2.5 வெகுதூரம் வெளியே நிற்கிறது.

ஆனால் அந்த 2.5ஐ அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். அதன் பின்னாலிருக்கும் உண்மை மதிப்பு சுமார் 2. திசையிலும் கோளாறு உண்டு: நீங்கள் கண்ட ஐகன் திசையன் உண்மைத் திசையிலிருந்து ஏறக்குறைய 39 பாகை விலகியிருக்கும். முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு (மாறுபாடு மிகுந்த திசைகளைத் தேடும் முறை) செய்து முதல் கூறுக்கு ஒரு பெயரும் சூட்டி மகிழ்கிறவர்கள் இந்த 39 பாகையை எண்ணிப் பார்ப்பதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

உண்மை மதிப்பு 1.5க்குக் கீழே இருந்திருந்தால் முதல் ஐகன் மதிப்பு விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். திசையனும் உண்மைத் திசையைப் பற்றி எதுவும் சொல்லாது. பைக், பென் அரூஸ், பெஷே ஆகிய மூவரும் 2005இல் சிக்கலெண் தரவுக்கு நிறுவிய வாசல் இது. மெய்யெண் தரவுக்கும் அது அதே இடத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: பூட்ஸ்டிராப் (இருக்கும் பதிவுகளிலிருந்தே திரும்பத் திரும்பத் தெரிவெடுக்கும் முறை) செய்து முதல் ஐகன் மதிப்புக்கு நம்பக இடைவெளி போடலாமா?

பதில்: வேண்டாம். மறுதெரிவில் வெவ்வேறான பதிவுகள் ஏறத்தாழ 63 விழுக்காடுதான் மிஞ்சும், மீதி இரட்டிப்புகள். அதனால் இரைச்சலின் மேல்விளிம்பு இன்னும் மேலே தள்ளப்படும்.

கேள்வி: அணியின் நேர்மாறுதான் எனக்குத் தேவை. அதிலும் இதே தொல்லையா?

பதில்: அங்கே இன்னும் மோசம். சராசரி பூச்சியம் என்று தெரிந்த இயல்நிலைத் தரவில், 400ஐ 400 − மாறிகள் − 1ஆல் வகுத்தால் கிடைக்கும் மடங்கு நேர்மாறு சராசரியாக ஊதிப்போகிறது. 100 மாறிகளுக்கு 1.34 மடங்கு, 200க்கு 2 மடங்கு. 390க்கோ 44 மடங்கு! வெறும் மடங்குப் பிழையைத் திருத்திவிடலாம், சிதறலைத் திருத்த முடியாது. லெடுவா-வுல்ஃப் 2004இல் தந்த சுருக்க மதிப்பீட்டைப் பயன்படுத்துங்கள்: ஐகன் மதிப்புகளை அவற்றின் சராசரியை நோக்கி இழுக்கும் முறை அது.

கேள்வி: என் விகிதம் 0.01தான். எனக்கும் இதெல்லாம் வேண்டுமா?

பதில்: விளிம்புகள் 0.81, 1.21. அந்த அகலம் உங்களைத் தொந்தரவு செய்யுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.