காசு கட்டினா என் சேலை சைட் வேகமா ஓடுமா?

சின்னாளப்பட்டிலேர்ந்து சுங்குடி சேலை ஆன்லைன்ல விக்கிற ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "கஸ்டமர் போன்ல இன்ஸ்டாகிராம் சட்டுனு வருது, என் சைட் மட்டும் சுத்திக்கிட்டே கெடக்கு. ஒருத்தர் வந்து மாசம் 4,000 ரூவா கட்டுங்க, நெட்வொர்க் கம்பெனில பேசி உங்க சைட்டை ஸ்பீடாக்கி விடறேன், பாக்குறவங்களுக்கு டேட்டாவும் குறையாதுன்னு சொல்றாரு. கட்டலாமா?"

கட்டாதீங்க. அவர் சொல்ற ரெண்டுமே இங்க சட்டப்படி செல்லாது.

டேட்டா குறையாதுங்கறதை முதல்ல பாப்போம். 2015ல ஏர்டெல் ஜீரோன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஆப் வச்சிருக்கற கம்பெனி காசு கட்டிட்டா ஜனங்க அந்த ஆப்பை டேட்டா செலவில்லாம பாக்கலாம்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பெரிய கடை கட்டிடும், நீங்க கட்ட முடியாது, அப்புறம் பேலன்ஸ் கம்மியா இருக்கற பொண்ணு எந்தக் கடைக்குப் போகும் சொல்லுங்க? எதிர்ப்பு கிளம்பினதும் ஃப்ளிப்கார்ட் அதுலேர்ந்து வெலகிருச்சு. அதே வருஷம் ஃபேஸ்புக்கும் ரிலையன்ஸும் சேந்து தமிழ்நாடு உள்பட ஆறு மாநிலத்துல சில சைட்டுகளை மட்டும் ஃப்ரீயா தொறந்து விட்டாங்க, பின்னாடி ஃப்ரீ பேசிக்ஸ்னு பேர் மாத்தினாங்களே அதேதான். டெலிகாம் கம்பெனிங்களைக் கண்காணிக்கற அரசு அமைப்பு ட்ராய், அதுக்கு லட்சக்கணக்குல மெயில் போச்சு. கடைசில 2016 பிப்ரவரி 8ஆம் தேதி ட்ராய் விதி போட்டுச்சு: எந்த சைட்டைப் பாக்குறீங்கன்னு பாத்து டேட்டா ரேட்டை மாத்தக் கூடாது, மீறினா நாளுக்கு 50,000 ரூவா அபராதம், 50 லட்சம் வரைக்கும் போகும். வாட்ஸ்அப் பேக், ஃபேஸ்புக் பேக்னு தனித்தனியா வித்தாங்களே, அதெல்லாம் காணாமப் போனது இதனாலதான்.

ஸ்பீடு விஷயம் 2018ல வந்துச்சு. ஒரு சைட்டை வேணும்னே தடுக்கறது, மெதுவாக்கறது, இன்னொண்ணை முன்னாடி தள்ளி விடறது எதுவும் கூடாதுன்னு டெலிகாம் கம்பெனிங்க லைசென்ஸ்லயே சேத்துட்டாங்க. அதனால அந்த ஆளால கம்பெனில பேசி ஒண்ணும் புடுங்க முடியாது (மன்னிக்கணும்).

அப்ப இன்ஸ்டாகிராம் எப்படிப் பறக்குதுன்னு கேப்பீங்க. அவங்க படத்தையும் வீடியோவையும் உங்க ஊருக்குப் பக்கத்துல, சில இடத்துல நெட்வொர்க் கம்பெனிக்குள்ளயே சர்வர் வச்சு சேத்து வைக்கறாங்க. இதுக்கு சிடிஎன்னு பேரு, இது அந்த விதிக்குள்ள வராது, தப்பும் இல்ல. பெரியவங்களுக்கு இதுலயும் கை ஓங்கித்தான் இருக்கு, அது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆனா சின்னக் கடைக்கும் க்ளவுட்ஃப்ளேர் மாதிரி கம்பெனிங்க இலவசமாவே சிடிஎன் தர்றாங்க, அவங்களுக்கு சென்னையிலயே சர்வர் இருக்கு.

பெரும்பாலும் கோளாறு நம்ம வீட்லதான் இருக்கும். போன்ல எடுத்த 4 எம்பி சேலைப் படத்தை அப்படியே ஏத்தியிருப்பீங்க, ஒரு பக்கத்துல 20 படம்னா 80 எம்பி, யாரு காத்திருப்பா? படத்தோட சைஸைக் குறைக்கற வெப்பி (WebP) ஃபார்மேட்டுக்கு மாத்தி ஒவ்வொண்ணையும் 150 கேபிக்குள்ள கொண்டாங்க, ஜரிகையும் புள்ளியும் தெளிவாத் தெரியும். ஹோஸ்டிங், அதாவது உங்க சைட்டை வச்சிருக்கற சர்வர், அமெரிக்காவுல இருந்தா மும்பைக்கு மாத்தச் சொல்லுங்க.

இவ்வளவும் பண்ணியும் ஒரே ஒரு கம்பெனி சிம்ல மட்டும் மெதுவா இருந்தா அப்ப சந்தேகப்படலாம். ஒரே போன், ஒரே இடம், ரெண்டு கம்பெனி சிம் போட்டுப் பாருங்க, அப்புறம் விபிஎன் (நீங்க எந்த சைட் பாக்குறீங்கன்னு நெட்வொர்க் கம்பெனிக்குத் தெரியாம மறைக்கற ஆப்) போட்டும் போடாமலும் பாருங்க. விபிஎன்ல மட்டும் வேகமா வந்தா டேட்டா சுத்து வழியில போற ரூட்டிங் கோளாறாவும் இருக்கலாம், அதனால உடனே சண்டைக்குப் போகாதீங்க, தேதி, நேரத்தோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு அந்த சிம் கம்பெனியோட புகார் எண் 198க்கு போன் பண்ணி புகார் நம்பர் வாங்குங்க. சரியாகலைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்.

ஒண்ணை மட்டும் குழப்பிக்காதீங்க. ஒரு நாள் டேட்டா தீந்ததும் 64 கேபிபிஎஸ் ஆகுறது மீறல் இல்ல, எல்லா சைட்டுக்கும் சேத்துத்தான் குறையுது. ரீசார்ஜ்ல ஓடிடி சந்தா சேத்துத் தர்றதும் அப்படித்தான், சந்தாதான் ஃப்ரீ, படம் பாத்தா டேட்டா போகும்.

இந்த விதி எப்பவும் இப்படியே இருக்கும்னு நம்பி உக்காரவும் முடியாது. அமெரிக்காவுல 2015ல கொண்டாந்தாங்க, 2017ல எடுத்தாங்க, 2024ல திரும்பக் கொண்டாந்தாங்க, 2025 ஜனவரில கோர்ட்டு அடிச்சுப் போட்டுருச்சு. இங்கயும் பெரிய ஆப்கள் நெட்வொர்க் செலவுல பங்கு தரணும்னு டெலிகாம் கம்பெனிங்க கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. அப்படி வந்தா பெரிய ஆப் அந்தச் செலவை அதுல விளம்பரம் போடற உங்கள மாதிரி ஆளுங்க தலையில எறக்கலாம்ங்கறது என் கணக்கு.

அந்த ஆள் மறுபடி வந்தா, எந்த கம்பெனி, எந்த பிளான்னு லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுங்கன்னு கேளுங்க. 4,000 ரூவாயை மும்பை ஹோஸ்டிங்குக்குக் கட்டினீங்கன்னா மிச்சமே வரும்.